அத்தை ஆடுறாக

கரண்டு போனால் எங்கள் தெரு செத்துவிடும். அருப்புக்கோட்டையில் தறிச்சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதிதான் பயம். எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஒரு கோடையில் அந்தப் பயம் இன்னும் கூடியது. எட்டுத் தறியும் நின்று, ஆட்கள் சாப்பிடப் போன மத்தியானங்களில், எங்கள் தறிசெட்டுக்குள்ளிருந்து தொம், தொம் என்று சத்தம் வந்தது. எங்களிடம் நூல் சுற்றிக்கொண்டிருந்து மஞ்சள்காமாலையில் செத்துப்போன ரஞ்சிதம்தான் வந்திருக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

எனக்கு ஏழு வயது. பயத்தைவிட ஆவல் பெரிது. பின்பக்க ஜன்னலில் தொற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது அத்தை, அப்பாவின் தங்கை. தெருவில் அவரைவிடப் பெரிய உடம்பு கிடையாது. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் பெயர் கொடுத்தால், “மேடை தாங்காதும்மா” என்று சிரித்து, வருசா வருசம் திரை இழுக்கும் வேலையைத்தான் தருவார்கள். அந்த அத்தை, சாதாரண ஆளே ஒதுங்கி நடக்கிற தறிச்சந்துக்குள் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டிருந்தார். பஞ்சுத்தூசி கூடவே சுற்றியது. ஒரு நூல்கூட அறுபடவில்லை. கண்கள் மூடியிருந்தன. அவ்வளவு சந்தோஷமான முகத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, அது அத்தையாகவே தெரியவில்லை.

அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, தறிசெட்டுல அத்தை ஆடுறாக!”

அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. “ஆடுறாளா? கண்ணு தொறந்துருந்துச்சா, மூடியிருந்துச்சா?”

“மூடியிருந்துச்சு.”

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஆடுகிறாள் என்றால் இரண்டு அர்த்தம்: ஒன்று நடனம், இன்னொன்று பேய். அத்தையின் உடம்புக்கு அம்மாவிடம் ஒரு அர்த்தம்தான் இருந்தது.

சாயங்காலமே பேய் ஓட்டச் சர்ச் உபதேசியார் வந்தார். அத்தை தலையில் எண்ணெய் வைத்து, “நீ யாரு? பேரச் சொல்லு” என்று அதட்டினார். அத்தை தன் பெயரைச் சொன்னார்.

“பொய் சொல்லுது” என்றார் உபதேசியார்.

“நாந்தாண்ணே. வர்ற கிறிஸ்மஸுக்கு இப்பவே ஆடிப் பழகுனேன்” என்று அத்தை அப்பாவைப் பார்த்து அழுதார்.

“இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா?” என்றார் அப்பா.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கேட்டபோது, அத்தை தலையைத் தொங்கவிட்டு, “ரஞ்சிதம்” என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அந்தக் குரல் அத்தையுடையது மாதிரியே இல்லை.

அதன்பின் கரண்டு போனால் சத்தம் வரவில்லை. சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். பேயைக் காட்டிக்கொடுத்தவள் என்று தெருவில் எனக்குப் பெயர். பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அத்தைதான் திரை இழுத்தார். பெரியப்பாவின் ஒல்லிக்குச்சி மகள் மேடையில் கண்ணை மூடிச் சுழன்றாள். “என்னமா ஆடுறா பாரு!” என்றார் அம்மா. அவளுக்கும் கண் மூடியிருந்ததே என்று நான் உபதேசியாரைத் தேடினேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேடை ஓரத்தில் அத்தையைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். வலது கால் பெருவிரல் மட்டும் தாளம் தப்பாமல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் இன்னும் போகவில்லை என்று சொல்ல, அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.