பிரேக்குக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது என் இலாகா. விசிட் விசாவில் ஷார்ஜாவுக்குப் போயிருந்தபோதும் அந்தப் பதவியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா அங்கே ஒரு கராஜில் மெக்கானிக். அவருக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலின் மகனுக்கு ரேஸ் டிராக்கில் கார் ஓட்டும் பித்து. பூஜைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் டிராக்கில் இறங்க வேண்டும். பிரேக் வேலை முழுக்க அப்பா பொறுப்பு. பழைய பிரேக் ஆயிலை இறக்கி, எவ்வளவு சூடேறினாலும் லேசில் கொதிக்காத ஆயிலை ஊற்றியிருந்தார். கார் நன்றாக ஓடினால் எங்கள் குடும்ப விசாவுக்குக் கஃபீலிடம் கையெழுத்துக் கேட்பதாக எண்ணம். இல்லையென்றால் பத்து நாளில் நானும் அம்மாவும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

மாட்ட வேண்டிய புது பிரேக் பேடுகள் செய்தித்தாள் மேல் வரிசையாக இருந்தன. கை சும்மா இருக்குமா? ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் வைத்த கையோடு ஒவ்வொரு பேடுக்கும் நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். ஒட்ட வேண்டுமே என்று நல்லெண்ணெயில் தாராளமாகக் குழைத்திருந்தேன்.

அப்பா கோபக்காரர்தான். அன்று கத்தாமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் பட்ட பேடு பிடிக்காது, வேறு செட்டுக்கு நேரமும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் என்னால்தான்.

மதியம் முழுக்க உப்புத்தாளில் தேய்த்தார், கிளீனர் அடித்துத் துடைத்தார், மறுபடி தேய்த்தார். மாட்டி முடித்தபோது கஃபீலின் மகன் வந்தான். அப்பா எதையும் மறைக்கவில்லை. பொட்டை மட்டும் தானே வைத்ததாக மாற்றிச் சொன்னார். நீ ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் எனக்கும் சரி என்று அவன் அரைகுறை இந்தியில் சொன்னான்.

புது பேடைப் பழக்க, வேகமாகப் போய் அழுத்திப் பிடித்து, மறுபடி வேகமெடுத்துப் பிடிக்க வேண்டும். கராஜுக்குப் பின்னால் இன்னும் திறக்காத ரோடு ஒன்று, ஒரு குடோன் சுவரில் போய் முடியும். எந்த வண்டியைச் சோதித்தாலும் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைப்பார். நான் கதவைத் திறந்தேன்.

“இன்னைக்கு வேணாம் பாப்பா. அம்மாகிட்ட நில்லு.”

கார் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. அம்மா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை இழுத்துக்கொண்டே போய் நின்றது. போகப் போக, மிதித்த இடத்திலேயே நின்றது. கருகல் வாசனையோடு திரும்பிவந்து அப்பா இறங்கினார்.

“நல்லாப் புடிக்குது. கையெழுத்துக் கேட்டுர வேண்டியதுதான்.”

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொட்டு வைத்ததற்குத் தண்டனையாகத்தான் என்னை ஏற்றாமல் போனார் என்று இரண்டு நாள் அவரோடு பேசாமல் உர்ரென்று இருந்தேன்.