எப்படியும் இவள் வெல்லுவாள்!

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தேர்தலில் தோற்றேன்.

பதற வேண்டாம். நாட்டுத் தேர்தல் இல்லை. வரப்போகும் கவுன்சில் தேர்தலில் எங்கள் பகுதியான ரெய்னர்ஸ் லேனில் எங்கள் கட்சிக்காக யார் நிற்பது என்று உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே நடத்தும் வாக்கெடுப்பு. தேர்தலுக்கு முந்திய தேர்தல். எதிரில் நின்றவரும் எங்கள் கட்சிக்காரர்தான் — இப்போதைய கவுன்சிலர் குணம் அங்கிள்.

அங்கிள் என்பது வெறும் மரியாதைச் சொல் அல்ல. நாங்கள் இங்கே வந்த புதிதில், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாவுடன் வந்து ஆங்கிலம் பேசியவர் அவர். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லை. பெருமைதான்!

பிறகு ஏன் அவரையே எதிர்த்தேன்?

எங்கள் நூலகத்தை மூடப் பார்க்கிறார்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத நான் படித்தது அங்கேதான். கவுன்சிலில் அந்தப் பேச்சு வந்த அன்று அங்கிள் வாயே திறக்கவில்லை. எழுந்து நின்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

என் தோழி பிரியா மதுரைக்காரி. ஐடி வேலை. அரசியல் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். வியூகம் முழுக்க அவளுடையது.

"இதோ பாருடி, அவரைத் திட்டாத. திட்டினா அவர் மேல எல்லாருக்கும் பரிதாபம் வந்துடும். நீதான் ஜெயிக்கப்போறேன்னு காட்டு. ஜெயிக்கிற பக்கம்தான் ஜனம் சாயும்."

காட்டினேன். உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் தேநீர். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. "ஓம் பிள்ளை, நீதான் வருவாய். அதில என்ன சந்தேகம்?" கவுன்சில் தேர்தல் துண்டுப் பிரசுரத்துக்கு எந்தப் புகைப்படம் போடுவது என்றுகூட நாங்கள் சண்டை பிடித்து முடித்துவிட்டோம்.

வாக்கெடுப்புக் கூட்டத்தில் அங்கிள்தான் முதலில் பேசினார். என்னைத் தாக்குவார், பதிலடி கொடுக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ… தோற்றே போனவர் போல விடைபெற்றார்! கட்சிக்கு நன்றி, ஊருக்கு நன்றி. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவர் கடைசியில் தமிழுக்கு மாறினார்.

"நான் போயிட்டு வாறன். ஏதும் பிழை செய்திருந்தா மன்னியுங்கோ. இனி எல்லாம் இவ பாத்துக்கொள்ளுவா. கெட்டிக்காரி."

தமிழ் தெரியாத பக்கத்து இருக்கைப் பெண்மணிகூட மூக்கைச் சிந்தினார்.

நானும் நன்றாகத்தான் பேசினேன். நூலகத்தைப் பற்றிச் சொன்னபோது கைதட்டல் பலமாகவே இருந்தது. வாக்குகளை எண்ணி முடித்தார்கள்.

அங்கிள் வென்றுவிட்டார்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஓய்வெடுக்கக் கிளம்பிய மனிதரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவருடைய மனைவி தலையில் கை வைத்தார். "ஐயோ, இன்னும் நாலு வருசம் மீட்டிங்கோ?"

அப்பாவும் நானும் பிரியாவும் காரில் ஏறினோம். அப்பாவும் கட்சி உறுப்பினர். அவருக்கும் வாக்கு உண்டு. அவர் காரைக் கிளப்பவில்லை.

"மகள்… கோவிக்காதை. நான் அவருக்குத்தான் போட்டனான்."

"அப்பா!"

"நீ எப்பிடியும் வெல்லுவாய் எண்டு எல்லாரும் சொன்னவை. அந்த மனுசன் எங்களுக்கு எவ்வளவு செய்தவர்… அவர் போகேக்கை எங்கட வீட்டில இருந்து ஒரு வோட்டாவது விழவேணும் எண்டு நினைச்சன்."

பின் இருக்கையில் பிரியா முனகினாள். "அப்பா, இப்படி இன்னும் எத்தனை பேர் நினைச்சாங்களோ!"

நிறையப் பேர். இந்த வாரம் முழுக்க எனக்குத் தொலைபேசி அழைப்புகள். "பிள்ளை, நான் ஒராள் போடாட்டி என்ன எண்டு…" அப்பாவைப் போலவே எல்லோரும் நான் வெல்வேன் என்று உறுதியாக நம்பி, போகிறவருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வாக்குச் சீட்டையும் வழியனுப்பு மாலையாக்கிவிடுவார்கள்!

அன்று காரில் அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும்தான். ஆனால் கோபம் வரவில்லை. செய்த உதவியை மறக்காத மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குணம் அங்கிள் அழைத்தார்.

"எல்லாருமாச் சேர்ந்து என்னை மாட்டிவிட்டிட்டியள். சரி, லைப்ரரிக்கு என்ன கேக்கவேணும் எண்டு சொல்லித் தா. இந்தமுறை எழும்பிக் கேக்கிறன். நீ மேல பார்வையாளர் கேலரியில இருந்து பார்."

"கேக்காட்டி?"

"அங்கயிருந்து சத்தம் போடு!"

போடுவேன். நூலகத்தை மூடக்கூடாது, அவ்வளவுதான். யார் கேட்டால் என்ன?

ஆனால் ஒன்று. அடுத்த முறை நிற்கும்போது, "தோற்றுவிடுவேன் போலிருக்கிறது" என்றுதான் வீடு வீடாகச் சொல்லப்போகிறேன்… அப்பாவின் வோட்டாவது விழும்!