மாத்திரை இன்னும் வரவில்லை

அக்காவை அந்த வார்டில் சேர்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. ராமநாதபுரத்தில் நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கட்டிலுக்குக் கட்டில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும். பாட்டில் தொங்கினால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வைத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். இங்கே ஒன்றுகூட இல்லை. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை போயிருந்தது. மதுரையில், எங்கள் ஊரில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்துப் பார்த்துவிட்டு, இனி வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் செய்யும் இடம்தான் இந்த வார்டு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நம்பவில்லை.

மறுநாள் நர்ஸ் ஈரப் பஞ்சை அக்காவின் உதட்டில் பிழிந்தார். உதடு உலர்ந்து வெடித்திருந்ததுதான் காரணம். ஆனால் சாகக் கிடப்பவர் வாயில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுப் பழகியவர்கள் நாங்கள். என் அம்மாவுக்கு நானே விட்டிருக்கிறேன். பஞ்சைப் பார்த்ததும், இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன்.

"வாய் புண்ணாயிரும் சார்."

"ஆனா ஆகட்டும்."

அதே வாரம் எதிர்க்கட்டிலில் இருந்த பெண் மார்ஃபின் மாத்திரை விழுங்கிவிட்டுத் தூங்கினார்; எழவே இல்லை. அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவர் என்பதை நான் யோசிக்கவில்லை. அக்காவுக்கும் அதே மாத்திரைதான். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். மார்ஃபின் மூச்சை மந்தப்படுத்தும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் வலியைத்தான் எடுக்கும், ஆளை அல்ல என்று டாக்டர் விளக்கியதைக் காதில் வாங்கவில்லை.

வேளைக்கு வேளை நர்ஸ் தன் மேசைக்கு என்னைக் கூப்பிட்டு மாத்திரையை என் கையில் தருவார். தண்ணீரோடு கொடுக்க வேண்டியது நான். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். நர்ஸிடம் கொடுத்துவிட்டேன் என்பேன். அக்காவிடம் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்பேன்.

"ஏலே, மாத்திரை வந்துருச்சா?"

"இன்னும் வரலக்கா."

"எங்கிட்டுருந்து வருது, கப்பல்லயா?"

"மதுரையில இருந்து வரணும்."

"காலேசுல பாடம் நடத்துனவன். ஒரு மாத்திரை வாங்கத் துப்பில்ல ஒனக்கு."

கேலிக்குத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து பாம்பன் தெருக்களில் விற்று மகனைப் படிக்கவைத்தவள். அவள் புரளக்கூட முடியாமல், போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பொய் அன்றே உடைந்திருக்கும். "பாவம் அந்த நர்ஸ் புள்ள, இல்லாததுக்கு அது என்ன செய்யும்" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்தார். இவ்வளவு கொடுத்தும் கேட்கவில்லையே என்று வராந்தாவில் என்னிடம் சொல்லி அளவைக் கூட்டினார். அவசரப்படுகிறார்கள், நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கூட்டிய மாத்திரையும் பைக்குள் போனது. மறுபடியும் கூட்டினார். என் சந்தேகம் இன்னும் உறுதியானது.

பிறகு ஒரு மதியம் நர்ஸ் மாத்திரையை என்னிடம் தரவில்லை. "அம்மா துப்பிருறாகளோன்னு டாக்டர் நெனைக்கிறாரு. நானே குடுத்துட்டு, முழுங்குற வரைக்கும் நிக்கிறேன்" என்று என் காதோடு சொன்னார்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். மாத்திரையைப் பார்த்ததும் அக்கா வாயைத் திறந்தாள். நாட்கணக்கில் மருந்தே போகாத உடம்பு. அதற்குள் போகவிருந்தது இரண்டு முறை கூட்டிய அளவு. நான் பயந்தது நடக்கப்போகிறது, நடத்திவைப்பது நான் என்று அப்போதுதான் உறைத்தது. நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"குடுக்காதீக. வெளிய வாங்க, சொல்றேன்."

வராந்தாவில் காகிதப் பொட்டலங்களை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

"இத யாருக்கு சார் சேத்து வச்சிருக்கீக?"

"யாருக்கும் இல்ல. நீங்க அவள முடிச்சிருவீகன்னு நெனச்சேன்."

அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். "அந்தம்மா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சே. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டா இருந்தீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னார். பழையபடி மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கினார்கள். கம்பியைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. தூங்கினாள். மூச்சு சீராக வந்தது. அப்போதும் நான் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் விழித்தாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டான். போனை அவள் காதில் வைத்தேன்.

"இப்ப நல்லாருக்கேன்யா. மாத்திரை இல்லாமத்தான் கெடந்தேன். ஒம் மாமன் எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கியாந்துட்டான். அவன் இல்லாட்டி என் பாடு என்னாயிருக்குமோ."

அடுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் அக்கா சில வாரங்கள் இருந்தாள். வலி அடங்கி, பேசி, கேலி செய்து இருந்தாள். உண்மையைச் சொல்லப் பொழுது இருந்தது, நான் சொல்லவில்லை. மருமகன் இப்போதும் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சட்டைத்துணி வாங்கி வருகிறான். அம்மாவுக்காக அலைந்த மாமா என்று தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டுகிறான். துணியை வாங்கிக்கொள்கிறேன்.