ரொக்ஸ்பரோ ஆற்றங்கரையில் ஒரு கம்பி, அந்தப்பக்கம் நோர்வே

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மரியாதை. சித்திரை மாதம் மொன்றியல் மலையுச்சியில் புது அன்ரெனாவை நிமிர்த்தி வைத்து, அரை மணித்தியாலம் உலகத்தையே கூப்பிட்டேன். ஒரு குருவிகூடப் பதில் சொல்லவில்லை. “சூரியனிலே புள்ளிகள் குறைந்த காலம், அதுதான் அலை எட்டவில்லை” என்று வேடிக்கை பார்த்த இரண்டு பேருக்கு விளக்கமும் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால், அன்ரெனாவின் கேபிள் றேடியோவில் பூட்டப்படாமல் புல்லுக்குள் படுத்திருந்தது. சூரியனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அமெச்சூர் றேடியோ என்பது, அரசாங்கப் பரீட்சை எழுதி அனுமதி எடுத்து, சொந்த றேடியோவில் உலகத்தோடு கதைப்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பரீட்சையை மூன்றாவது தடவையில்தான் பாஸ் பண்ணினேன். ஆனால் பாஸ் பாஸ்தான். செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடியில் கம்பி நட வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். அதனால்தான் பையில் மடித்துக் கொண்டுபோகும் இந்த நெட்டைக் கம்பி அன்ரெனாவும், ஊரெல்லாம் பார்க் தேடும் பிழைப்பும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்தோனி. என்னைப்போல அவனும் மட்டக்களப்பான். இங்கே ஒரு உணவகத்தில் ஒன்றாகக் கோப்பை கழுவினோம். பிறகு கல்யாணம் முடித்து நோர்வேக்குப் போனான். எனக்கு இந்த றேடியோப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவனும் அவன்தான். நான் அனுமதி எடுத்ததிலிருந்து இருவரும் பலமுறை முயன்றும் றேடியோவில் ஒரு சொல் பரிமாற முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய ரெலிபோன் காட் போட்டு “கேட்டதா?”, “இல்லை” என்று சொல்லிக்கொள்வதுதான் மிச்சம். 2006 ஆடியில் அவன் ஒரு செய்தி சொன்னான். அடுத்த கிழமை அவன் மாறிப்போகும் தொடர்மாடியில் அன்ரெனாவுக்கு இடமில்லை, றேடியோவை விற்றாயிற்று, வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை எடுக்க வருகிறார். ஆக, சனிக்கிழமை இல்லையென்றால் என்றைக்குமே இல்லை. எங்கள் இரண்டு மணி, அவனுக்கு இரவு எட்டு மணி. அதுதான் பேச்சு.

காலை பதினொன்றரைக்கு செயின்ட்-மிஷேல் மெற்றோவில் ஏறினேன். ஜோன்-தலோனில் மாறி, பொனவெஞ்சரில் இறங்கி, அங்கிருந்து ரொக்ஸ்பரோவுக்கு ரெயில். ரெயில் பயணம் மட்டும் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம். சனிக்கிழமைகளில் ரெயில் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். என் முதுகில் நீளப்பை, கையில் பற்றறி. பற்றறியின் பாரத்தில் ஒரு தோள் இறங்கி, நான் நடந்த நடையைப் பார்த்து நாய்க்குட்டியே வழிவிட்டது. மெற்றோவில் தொப்பி போட்ட ஹெயிட்டிக்காரப் பெரியவர் ஒருவர் பையைக் காட்டி, மீன் பிடிக்கவா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“வுய் மிஸ்யூ. நோர்வே மீன்” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவர் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் தூண்டில் நீளம் போதாது” என்றார். மனுசன் சிரிக்கவே இல்லை. எனக்கு மேலே ஒரு ஆள்.

ரொக்ஸ்பரோ நிலையத்தில் மனைவியின் தம்பி குகன் காரோடு நின்றான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறான். புதுக் கார். அதில் ஏற முதல் சப்பாத்தைத் தட்டவேண்டும்.

“அத்தான், ரெண்டரைக்கு நான் கோயிலுக்குப் போய் மனுசியை ஏத்தவேணும். இப்பவே சொல்லிப்போட்டன்.”

“ஓமடா, அதுக்குள்ள உலகமே கதைச்சு முடிஞ்சிடும்.”

ஆற்றங்கரைப் பார்க்குக்கு ஐந்து நிமிட ஓட்டம். வடகிழக்கே தண்ணீர், மரம் குறைவு, மின்கம்பி இல்லை. மலையுச்சியைவிட இது நூறு மடங்கு நல்லது. மலையில் இருக்கும் பெரிய ஒலிபரப்புக் கோபுரம் நம்முடைய சின்ன றேடியோவின் காதை அடைத்துவிடும். உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

இந்த அன்ரெனாவை நிமிர்த்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் கம்பி மட்டும் நின்றால் போதாது. அடியிலிருந்து நாலு வயர்கள் நாலு பக்கமும் புல்லில் விரிய வேண்டும். மரத்துக்கு வேர் மாதிரி. பையைத் திறந்தால் இரண்டு வேர்தான் இருந்தது. வீட்டில் மனைவிக்குப் போன் அடித்தேன்.

“வசந்தி, அந்தக் கறுப்பு வயர் மற்ற ரெண்டும் எங்க?”

“பல்கனியிலை கட்டினதோ? அதிலை பெட்சீற்று காயுது. நல்ல வயரப்பா, தொய்யவே இல்லை.”

இரண்டு வயரோடு அனுப்பிப் பார்த்தேன். அளவு காட்டும் ஊசி சிவப்புக்குள் போய்ப் படுத்தது. பலத்தில் பாதி திரும்பி வருகிறது என்று அர்த்தம். மணி ஒன்று ஐம்பது. அங்கே அந்தோனி காதில் கருவியை மாட்டிக்கொண்டு குந்தியிருப்பான். குகனின் கார் புல் ஓரமாக, அன்ரெனாவுக்கு இருபதடி தள்ளி நின்றது. காரென்றால் சும்மாவா? இவ்வளவு பெரிய இரும்பு! மிஞ்சிக் கிடந்த துண்டு வயரை அன்ரெனாவின் அடியில் பூட்டி, மறுமுனையைக் காரின் பின்பக்கம், இழுக்கிற கொளுக்கியில் கவ்வவிட்டேன்.

“அத்தான், ஷொக் அடிக்காதே?”

“ஆருக்கு?”

“காருக்கு.”

“உன்ர ஓட்டத்தையே தாங்கின கார், இதையும் தாங்கும்.”

ஊசி சிவப்பை விட்டு இறங்கி வந்தது. குகன் காரிலிருந்து எடுத்துத் தந்த மடக்குக் கதிரையை ஆற்றுப் பக்கம் திருப்பிப் போட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கூப்பிடத் தொடங்கினேன். முதலில் இத்தாலிக்காரர் ஒருவர் அகப்பட்டார். நல்ல மனுசன், விடவே மாட்டேன் என்கிறார். அவரைக் கழற்றிவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். இரண்டு ஐந்து, இரண்டு பத்து. வெறும் இரைச்சல். சோடாப் போத்தலைக் காதில் வைத்த மாதிரி. குகன் தூரத்தில் நின்று கையை விரித்துக் காட்டினான். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். இந்த முறை பூட்டித்தான் இருந்தது.

இரண்டு பதினைந்துக்கு இரைச்சலின் அடியில் ஏதோ அசைந்தது. பேர் விளங்கவில்லை, அனுமதியோடு தரும் அழைப்பு எண்ணும் விளங்கவில்லை. ஒரு ‘கா’ மட்டும் கேட்டது. பேச்சின் வாலில் ஒட்டும் எங்கள் மட்டக்களப்பு ‘கா’. நோர்வேக்காரன் எவன் ‘கா’ போடுவான்?

“அந்தோனி! நான்தான்! கேக்குதா?”

“கேக்குதுகா! நல்லாக் கேக்குது! எங்க நிக்காய்?”

“ஆத்தங்கரையில. உன்ர குரலென்ன மனே, கிழவன்ட குரல் மாதிரி?”

“போனிலயும் இதே குரல்தான். நீதான் காசு ஓடுதெண்டு அவதியில கேக்கிற இல்ல.”

எத்தனையோ தரம் போனில் கதைத்தவன்தான். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு கம்பனி இல்லை, காட் இல்லை. என் கையால் நட்ட கம்பியிலிருந்து அவன் கையால் கட்டிய கம்பிக்கு, இடையில் கடல் மட்டும். நாங்கள் ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. அவன் சாப்பிட்ட மீனைப் பற்றிச் சொன்னான், நான் வயரில் காயும் பெட்சீற்றைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். கிடைத்த நேரத்துக்கு அது போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல். மின்கம்பிக்குக் கிட்டே அன்ரெனா நிமிர்த்தாதீர்கள். அனுப்பும்போது யாரையும் கம்பியைத் தொட விடாதீர்கள். விரித்த வயர்களில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். வயர்களைப் புறப்படுமுன் எண்ணுங்கள், பல்கனியையும் எட்டிப் பாருங்கள். ரெயிலும் மெற்றோவும் போகவர பதினைந்து டொலருக்குள் முடியும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டுங்கள். இடி முழங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. காரில் வயர் கொழுவினால், கார்ச் சாவியை உங்கள் பொக்கெற்றில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருபத்தைந்துக்கு, அந்தோனி “கடைசியாக ஒண்டு சொல்லு மச்சான், நாளைக்கு இது என்னட்ட இல்ல” என்று கேட்ட நேரத்தில், குகன் கோயிலுக்குப் புறப்பட்டான். அன்ரெனா பத்தடி தூரம் கூடவே போய்த் தரிப்பிடத்தில் கழன்று விழுந்தது. வயர் தொடர்ந்து போனது. கோயில் வாசலில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த வருசம் காவடியை இழுத்துக்கொண்டா வருகிறீர்கள் என்று குகனிடம் கேட்டிருக்கிறார்.

பின்னேரம் அந்தோனிக்குப் போன் எடுத்தேன். கடைசி வார்த்தை தெளிவாகக் கேட்டது என்றான். அது “டேய் குகன், நில்லடா.”