வானத்தில் கொட்டிய கிருஷ்ணாயில்

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், பிரஷ் கழுவ எங்கிருந்தோ ஒரு பாட்டில் கிருஷ்ணாயில் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் என்று நீங்கள் சொல்வீர்கள்; எங்கள் பக்கத்தில் அது கிருஷ்ணாயில்தான். மூடியைத் திறந்ததுதான் தாமதம், சமையலறையிலிருந்து என் மனைவி, "உங்க சென்ட்டு வாசன வருது" என்று குரல் கொடுத்தாள். பெயிண்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பாவம், அவருக்கு வேலை கிடக்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பம்பாயில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். நாலு எஞ்சின் வைத்த பெரிய ஜெட். அதில் எண்ணெய்ப் பகுதி என் பொறுப்பு: டாங்கு, பம்பு, குழாய், வால்வு. அந்த ஜெட் குடிப்பதும் ஏறக்குறைய நம் வீட்டு அரிக்கேன் விளக்கு குடித்த அதே சரக்குதான். என்ன, கொஞ்சம் சுத்தமாக வடிகட்டியது. எத்தனை சோப்பு தேய்த்தாலும் வாசனை உடம்பை விட்டுப் போகாது. கூட வேலை செய்தவர்கள் எல்லோர் மேலும் அதே வாசனை அடித்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

லீவில் சொந்த ஊரான பாகூர் வந்தபோது, அம்மா என்னை வில்லியனூருக்குப் பெண் பார்க்க அழைத்துப்போனாள். பெண்ணின் அப்பா கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். நல்லெண்ணெய், மல்லாட்டை எண்ணெய் என்று நாங்கள் சொல்லும் கடலெண்ணெய், கிருஷ்ணாயில், எல்லாம் உண்டு. அந்த மூக்கிடமிருந்து என் சட்டை தப்புமா? நான் உட்கார்ந்த உடனே மோப்பம் பிடித்துவிட்டார். அம்மா பக்கம் திரும்பி, ஏரோப்ளேன் வேலை என்று புரோக்கர் சொன்னாரே, பையன் கிருஷ்ணாயில் வண்டி தள்ளுகிறாரா என்று நிதானமாகக் கேட்டார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நானோ கதவோரத்தில் அந்தப் பெண்ணை ஒரு கணம் பார்த்ததிலேயே விழுந்துவிட்டேன். போனால் போகட்டும் என்று எழுந்துவர மனசு வரவில்லை.

ஆகவே விளக்கத் தொடங்கினேன். தாம்பாளத்திலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துப் பாயில் வைத்து, இது விமானத்தின் உடம்பு என்றேன். இரண்டு பக்கமும் வெற்றிலையை அடுக்கி, இறக்கை. காப்பி டம்ளர் நாலும் எஞ்சின். எண்ணெய் பெரும்பாலும் இருப்பது இறக்கைக்குள்ளே. எஞ்சினுக்கு ஒரு டாங்கு, டாங்குக்கு இரண்டு பம்பு. ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்று தள்ளும். வயிற்றுக்கடியில் நடு டாங்கு ஒன்று. தூரப் பயணத்தில் அதைத்தான் முதலில் காலி செய்வோம், இறக்கையில் இருப்பதைப் பின்னால் எடுப்போம். காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்ணெயின் கனம் அதை அமுக்கிப் பிடிக்கும். ஒரு டாங்கில் கோளாறு என்றால் குறுக்குக் குழாயைத் திறந்து, வேறு டாங்கிலிருந்து அந்த எஞ்சினுக்கு ஊட்டலாம். பக்கத்துக் காணிக்காரன் மோட்டார் படுத்தால் நம் தண்ணீரைத் திருப்பிவிடுகிற மாதிரி என்று பெண்ணின் அப்பாவே சொல்லிக்கொண்டார்.

இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குச்சியை இழுத்து எண்ணெய் அளவு பார்ப்போம் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் பீப்பாயில் குச்சி விட்டுப் பார்க்கிறவர்தானே. டாங்கின் அடியில் கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஜாடியில் பிடித்துப் பார்ப்போம் என்றேன். அவ்வளவுதான், உள்ளே பார்த்து இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். அம்மா முகத்தில் உயிர் வந்தது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! கிளம்பின கொஞ்ச நேரத்தில் ஏதாவது கோளாறு என்று திரும்ப நேர்ந்தால், டாங்கு நிறைய எண்ணெயோடு இறங்குவது ஆபத்து, கனம் தாங்காது. அதனால் இறக்கை நுனிக் குழாயைத் திறந்து எண்ணெயை வானத்திலேயே கொட்டிவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். லாரி லாரியாக என்றேன்.

அப்போதெல்லாம் ரேஷன் கடைக்குக் கிருஷ்ணாயில் வருகிற நாளில், விடிவதற்குள் டின்னையும் செங்கல்லையும் வரிசையில் வைத்து இடம் பிடிப்பார்கள். அவர் கடையிலோ, புனல் நுனியில் தொங்கும் கடைசிச் சொட்டு விழுகிறவரை யாரும் பாட்டிலை எடுக்கக் கூடாது. எண்ணெய் சிந்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள். அவர் என் இறக்கையைக் கலைத்து, வெற்றிலைகளைத் தாம்பாளத்தில் எடுத்துவைத்தார்.

"ஊரே ஒரு லிட்டருக்கு லைன்ல நிக்குது. இன்னா தம்பி, லாரி லாரியா கொட்டுவோம்ன்றீங்க. கொட்ற கைக்கு நான் பொண்ண குடுக்க மாட்டேன்பா."

அம்மா எழுந்துவிட்டாள். நானும் எழுந்து செருப்பைத் தேடினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"கொட்டலன்னா, உள்ள இருக்கற ஜனங்க எப்பிடிப்பா எறங்கும்?"

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வாய் திறந்து பேசிய காலமில்லை அது. குரலில் கோபம்கூட இருந்தது. அவர் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அதில் எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டார். முந்நூறுக்கு மேல் என்றேன். கைக்குழந்தைகளும் உண்டா என்றார். உண்டு என்றேன். உட்காருங்க தம்பி என்று சொல்லிவிட்டு, அதே தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் வைக்கச் சொன்னார். சந்தோஷத்தில் நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, காலி டம்ளர்.

மாமாவுக்கு மனசு என்னவோ முழுசாக ஆறவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் நான் வாசலில் கால் வைத்ததும் சௌக்கியம் விசாரிக்காமல், இந்தத் தடவை எங்கேயாவது கொட்டினார்களா என்றுதான் கேட்பார். இல்லை மாமா என்றால்தான் சோறு.

அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்த நாலு எஞ்சின் விமானங்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டு எஞ்சினே கடல் தாண்டப் போதும் என்றாகிவிட்டது. நான் கைவைத்துப் பழகின விமானங்களில் கடைசி ஒன்றை உடைக்க அனுப்புமுன் டாங்குகளை வடித்தோம். எவ்வளவு வடித்தாலும் மூலைமுடுக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும், எந்தப் பம்புக்கும் எட்டாது. அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்கள் மேலதிகாரிகள். உடனே வில்லியனூருக்கு ஓடி மாமாவிடம் அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. துணியில் ஒற்றிப் பிழிந்தாவது எடுத்திருக்கக் கூடாதா மாப்பிள்ளை என்று கட்டாயம் சண்டைக்கு வந்திருப்பார். அவர் போய் இரண்டு வருஷமாகியிருந்தது.