பனிக்கோடாரியோடு வந்தவர்

ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்காசியில் பிரசவ டாக்டராக இருந்தேன். என்னைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. கைராசிக்காரி என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமையானால் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு குற்றால மலையில் ஏறுகிறாளே, புத்தி பிசகிவிட்டதோ என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் கிளப்பில் சீட்டாடும் கனவான்கள். "பொம்பளை மலையில போயி என்னத்தத் தேடுதா?" என்று கேட்பார்களாம். சாரல் காலத்தில் அருவிக்கரை வரை காரில் போய், ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, மூன்று பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, அஜீரணத்துக்கு மருந்து கேட்டு என்னிடமே ஆள் அனுப்புகிறவர்கள். மலை என்பது அவர்களுக்குத் தண்ணீர் விழுவதற்கான ஓர் ஏற்பாடு.

வாரமெல்லாம் ரத்தமும் அலறலுமாகக் கழித்தபின், செண்பகாதேவி அருவிக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். அங்கே நான் யாருக்கும் டாக்டர் இல்லை. தேனருவி வரை பலமுறை போயிருக்கிறேன். திரிகூட மலையின் உச்சி மட்டும் பாக்கி இருந்தது. அங்கே தனியாகப் போகத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் சென்னையிலிருந்து அவர் வந்தார். பெரிய சர்ஜன். சீமையில் படித்தவர், ஆல்ப்ஸில் ஏறியவர். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு உறவு. ஆணி அடித்த பூட்ஸ், கயிற்றுச் சுருள், பனியை வெட்டுகிற கோடாரி எல்லாம் கொண்டுவந்திருந்தார். குற்றாலத்தில் பனிக்கோடாரி. கிளப்பில் அதை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். கனவான்கள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். நான் மலையேறினால் கிறுக்கு, அவர் ஏறினால் வீரம்.

"நீங்களும் வரலாம்" என்று என்னிடம் பெரிய மனது பண்ணிச் சொன்னார். பிறகு என் ஷூவைப் பார்த்துவிட்டு, "டென்னிஸ் ஆடவா வர்றீங்க?" என்றார்.

ஆனாலும் போனேன். உச்சியின் மேல் அவ்வளவு ஆசை.

தை மாதம். மழை ஓய்ந்து தடம் காய்ந்திருந்தது. அவர், நான், மலையில் தேன் எடுக்கிற வழிகாட்டி ஒருவர், சுமை தூக்க இரண்டு பேர். தேனருவியைத் தாண்டி நல்ல ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அந்த ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் எதிரே ஓடிவந்தார். முந்தின நாளிலிருந்து அவர் மனைவிக்கு வலியாம்.

"பிள்ளைக்குக் கால் வெளிய தெரியுதும்மா. இந்த நெலமையில கீழ தூக்கிட்டுப் போவ வழியில்ல. நீங்க மலைக்கு வாரியன்னு சொன்னாவ."

சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அந்த மனிதரை மட்டும் பார்க்கவில்லை.

"மேகம் இறங்கிடும். இது உங்க டிபார்ட்மென்ட்தானே? வர்ற வழியில நான் எட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

"சரி. ரத்தம் நிக்கிற ஊசி வச்சிருக்கிறதா நேத்து சொன்னீங்களே, அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

"அது மூட்டைக்கு அடியில இருக்கு. எல்லாத்தையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டணும். நேரமாயிடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். மூட்டை தூக்கியவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்.

ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில், சாக்கின் மேல் அந்தப் பெண் கிடந்தாள். சின்னப் பெண். கால், இடுப்பு, தோள் என்று குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தலையை எடுப்பதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. பெண் குழந்தை. அழவில்லை. வாயிலிருந்த சளியை உறிஞ்சித் துப்பி, ஊதி, முதுகைத் தேய்த்தபின் பூனைக்குட்டி போல முனகியது. அதன்பின் தாய்க்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது.

ஊசி இல்லை. ஒரு கையை உள்ளே முஷ்டியாக வைத்து, இன்னொரு கையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தேன். கையைத் தளர்த்தினால் ரத்தம் பீறிட்டது. புருஷன் மூலையில் குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி நின்றார்.

"நான் செத்துருவனாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. எனக்குக் கை வலிக்குது. அவ்வளவுதான்."

விரல்கள் மரத்துப்போன பிறகுதான் கர்ப்பப்பை கல்லாக இறுகியது.

மத்தியானத்துக்கு மேல் சர்ஜன் இறங்கி வந்தார். கொட்டகை வாசலிலேயே நின்றார். "முடிஞ்சுதா? பிரமாதமான வியூ. நீங்க மிஸ் பண்ணிட்டீங்க." பூட்ஸில் மண்ணாக இருப்பதால் உள்ளே வரவில்லை என்று காரணம் வேறு சொன்னார். முழங்கை வரை ரத்தத்தோடு நான் அவரைப் பார்த்தேன்.

தாயையும் பிள்ளையையும் மறுநாள் கட்டிலில் வைத்துக் கீழே கொண்டுவந்தோம். இருவரும் பிழைத்தார்கள்.

அந்த வாரமே கிளப்பில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். உச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நடுவே, "வழியில் ஒரு சிக்கலான பிரசவத்தையும் கவனித்தோம்" என்றார். கவனித்தோம். அரிசி மில் முதலாளி ஒருவர்தான் தலைமை. என்னையும் நாலு வார்த்தை சொல்லும்படி கூப்பிட்டார்.

எழுந்து சொன்னேன்: "பிரசவத்துக்கு மருந்து கேட்டேன். டாக்டர் மூட்டையை அவிழ்க்கல. அவிழ்த்திருந்தா உச்சிக்குப் போயிருக்க முடியாது."

கைதட்டினார்கள். அவருடைய மன உறுதியைப் புகழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். சர்ஜனும் கூடச் சேர்ந்து தட்டினார்.

மறு வருஷம், அதே தேன் எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு நான் உச்சிக்குப் போனேன். என் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மேலே ஒரே மூடுபனி, மலையாளத்துப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. புளிச்சோறு தின்றோம். ஒரு நர்ஸ் பாறைமேல் படுத்துத் தூங்கிவிட்டாள். இவ்வளவு உயரம் வந்தால் அந்த ஆள்மேல் இருந்த வெறுப்பு கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. குறைய வேண்டியது அவசியம் என்றும் இப்போது எனக்குத் தோன்றவில்லை.