ஒரு ஏனம் சொதியும் இடிக்கிற கியரும்

அத்தான் வாங்கிய ஜெர்மன் கார் என்னைவிட நான்கு வயதுதான் இளையது. அதில் கியரைக் கையால் போட வேண்டாம். வேகத்துக்கு ஏற்ப அதுவே மாற்றிக்கொள்ளும். மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஓர் இடி விழும். முதல் நாள் அத்தான் அதைப் பழைய காரின் கம்பீரம் என்றார். ஒரு வாரத்தில் அது 'லேசான உலுக்கல்' ஆயிற்று.

ஆழ்வார்திருநகரியில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. சடங்கு முடிந்ததும் பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை அழைத்து வர வேண்டும். "என் கார்லதான் வருவா" என்றார் அத்தான்.

"இது இடிக்க இடியில அவ வழியில செய்துங்கநல்லூர்லயே பெத்துருவா. வாடகைக் காருக்குச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

முதலில் வந்த மெக்கானிக் கியர் ஆயிலை மாற்றினார். அடுத்தவர் அது அதிகம் என்று கொஞ்சம் எடுத்தார். மூன்றாமவர் குறைகிறதே என்று ஊற்றினார். இடி அப்படியே இருந்தது. நான்காவதாக, துபாய் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பிய மேலப்பாளையம் பாய் வந்தார்.

"எப்பெப்ப இடிக்கி அண்ணாச்சி?"

"எப்பவாவதுதான் பாய்."

"எப்பவுமே" என்றாள் அக்கா.

"இப்படிச் சொன்னா நான் எங்கன போயித் தேட?" என்றார் பாய்.

அக்கா உள்ளே போய், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக் குழம்பு ஆறியதை ஒரு ஏனம் நிறைய எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "ஏலே, இத மடியில வச்சுப் பின்னால உக்காரு. எப்பெப்ப சிந்துதுன்னு எழுதிக்கிட்டு வா. சிந்தாத அன்னைக்குப் பிள்ளை இதுல ஏறட்டும்."

"தண்ணி போதாதா?" என்றார் அத்தான்.

"தண்ணின்னா தொடச்சிட்டுச் சிந்தலம்பீங்க. தேங்காப்பால் பிசுக்க எங்கன ஒளிப்பீங்க?"

பத்திரிகையில் முப்பது வருடம் குறிப்பெடுத்தவன் நான். சொதி பற்றி எடுத்ததில்லை. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வரை அத்தான் ஓட்டினார். என் குறிப்பேட்டில் இருந்தவை: இருபது கிலோமீட்டர் வேகத்தில், வலது முழங்கால். நாற்பதில், சட்டை. மறுபடி நாற்பதில், முருங்கைக்காய் ஒன்று செருப்புக்குள். ஒரு பஸ்ஸை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபோது மட்டும் சொதி என் பக்கம் சாய்ந்ததே தவிர எகிறவில்லை.

கடைசி வரியைப் பாய் இரண்டு முறை படித்தார். "பைய மிதிச்சா இடிக்கி, அழுத்தி மிதிச்சா இடிக்கல. அண்ணாச்சி, கியர் பெட்டிக்குள்ள கோளாறு ஒண்ணுமில்ல."

இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு மெல்லிய காற்றுக் குழாய் போகிறது. கால் எவ்வளவு மெதுவாக மிதிக்கிறது என்பதை அந்தக் குழாயின் உறிஞ்சலை வைத்துத்தான் பெட்டி தெரிந்துகொள்ளும். குழாயில் கீறல் விழுந்தால், எப்போதும் முழுதாக மிதிப்பதாக நினைத்துப் பெட்டி ஓங்கி மாற்றும்; உண்மையிலேயே முழுதாக மிதிக்கும்போது மட்டும் அது பொருந்திப்போகும். காருக்கடியில் படுத்த பாய், நுனி வெடித்த ஒரு விரலளவு ரப்பரோடு எழுந்தார். அதே அளவில் புது ரப்பரை வெட்டி மாட்டினார்.

மறுபடி ஏனம், மறுபடி நான். கிருஷ்ணாபுரம் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாசலில் அக்காவைப் பார்த்த அத்தான், வெற்றியோடு கையாட்டிக்கொண்டே பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஏனம் முன் இருக்கையில் மோதித் திரும்பி, முழுச் சொதியும் என் மார்பில் இறங்கியது.

"அது பிரேக்கு! கியரில்ல!" என்று அத்தான் இறங்கி ஓடி வந்தார். "லே, உள்ளதச் சொல்லு!"

"கியரால் சிந்தியது ஒன்றுமில்லை. பிரேக்கால் முழுவதும்" என்று வாசித்தேன்.

அக்கா யோசித்தாள். "அப்ப காரு பாஸு. நீங்க பெயிலு. பாய், வளைகாப்பு அன்னைக்கு நீங்க ஓட்டுவியளா?"

வளைகாப்பு முடிந்து பாய் காரை ஓட்டினார். முன்னால் நானும் பின்னால் அக்காவும் மகளும். அத்தான் சொந்தக்காரர்களோடு வேனில் பின்தொடர்ந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டுவதற்குள் மகளுக்கு அவரிடமிருந்து நான்கு அழைப்புகள். "இப்ப இடிச்சுதாம்மா?"

"இல்லப்பா."

"இப்ப?"

ஐந்தாவது அழைப்பை அவள் எடுக்கவில்லை. இருக்கையில் சாய்ந்து தூங்கியிருந்தாள்.